கல்கியும் தியாகபூமியும்

செல்வக்குடி யொன்று சீர்குலையும் கதை நம் நாடகமேடைக்குப் புதியதன்று. கள்ளும் சூதும் பரத்தையும் குடிகெடுத்தலையே அவை பெரும்பாலும் காட்டுவன. 1939-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘தியாகபூமி’ என்னும் பேசும்படமோ வேறுவழிச் சென்றது. அதன் கதையை யாத்தவர் ‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி யவர்கள். தென்காசிச் சீமைக்கு அவர் அயலாரல்லர். குற்றாலத்தில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் விருந்தினராயிருந்து கம்பன் கவியில் திளைத்தவர்.

மாயவரத்தை யடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். திருச்சிராப்பள்ளியிற் கற்றுவருகையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழவே, 1921-இல் பள்ளியிறுதித் தேர்வை யெழுதாது கல்வியைத் துறந்தார். அத்தேர்வு ஒரு குடும்பத்திற்கு எத்துணைப் பெரிய பற்றுக்கோடென்பதை, ஆண்டுதோறும் மாணவரை அதற்கு அனுப்பும் என்போன்ற ஆசிரியர் நன்கறிவர். மறுவாண்டு சிறை புகுந்தார். பின்னர் ‘நவசக்தி’யிலும், திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் இராஜாஜியின் ‘விமோசன’த்திலும் பணிபுரிந்து, ‘ஆனந்த விகட’னுக்கு ஆசிரியராயினார். அவ்விதழில்தான் தியாகபூமி, படத்தின் காட்சிகளோடு தொடர்கதையாயும் வந்தது.

நெடுங்கரை சம்பு சாஸ்திரி நிலபுலமுடைய மிராசுதார். புயலிற் குடிசையிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடமளித்தமையால் அக்கிரகாரம் அவரை விலக்கிற்று. மகள் சாவித்திரியின் புக்ககத்தார் வேண்டிய பொருளுக்காகச் சொத்தும் போயிற்று. சென்னைக் குப்பமொன்றில், தம் பேர்த்தியென அறியாமலே ஒரு குழந்தையை வளர்த்தார். தீயொழுக்கத்தாற் கெட்டவரல்லர், அறத்தின்பொருட்டுக் கெட்டவர். தம் படிப்பைத் தாமே கைவிட்டவர் ஆதலின், இப்பாத்திரத்தை ஆசிரியர் உள்ளிருந்து படைத்தாரென்றே கருதுகின்றேன். சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலக்ஷ்மியும் நடித்தனர், இயக்கியவர் கே. சுப்பிரமணியம். துன்புறுத்திய கணவனோடு வாழ இயலாதெனச் சாவித்திரி நியாயஸ்தலத்தில் மறுக்கும் பகுதி அக்காலத்தார் பலரை வெகுளச் செய்தது. காந்தீயம் மிக்க அப்படத்தைக் காங்கிரஸ் மந்திரிசபை விலகியபின் ஆங்கில அரசாங்கத்தார் தடைசெய்தனர்.

1941-இல் விகடன் ஆசிரியப் பதவியையும் துறந்து, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் மூன்றாமுறை சிறை சென்றார் கிருஷ்ணமூர்த்தி. மீண்டு வந்து, நண்பர் சதாசிவத்துடன் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். ‘சிவகாமியின் சபதம்’ முதலிய பெருங்கதைகள் அதில் எழுந்தன. 1954 பிப்ரவரியில் இரசிகமணி மறைந்தார்; அவ்வாண்டே டிசம்பர் 5-ஆம் நாள் கல்கியும் சென்னையிற் காலமானார்.