கணியன் தந்த நா. கோவிந்தசாமி

சிங்கப்பூரில் 1946ஆம் ஆண்டு பிறந்தவர் நா. கோவிந்தசாமி. ஆசிரியராகப் பணியாற்றிய அவர், பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளரானார். சிறுகதை எழுத்தாளராகவும் புகழ்பெற்று, 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதைப் பெற்றார்.

அக்காலக் கணினிகளில் தமிழில் எழுதுவது எளிதாக இல்லை. தம் மாணவர்களின் மொழி கணினியுகத்தில் பின்தங்கிவிடக் கூடாது என்று கருதிய கோவிந்தசாமி, ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் வெளியிடப்பட்டன. அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்துகளிலேயே தோன்ற அவர் உழைத்தார்.

ஆயினும், மென்பொருளை வெளியிட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. அந்நாளில் தமிழ் மென்பொருள்கள் வெவ்வேறு எண்முறைகளைப் பின்பற்றின. ஒன்றில் ‘அ’வைக் குறித்த எண், மற்றொன்றில் வேறோர் எழுத்தைக் குறிக்கக்கூடும். எனவே, ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. இச்சிக்கலைப் பேசித் தீர்க்க, 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டைக் கோவிந்தசாமி முன்னின்று நடத்தினார். பல நாட்டு வல்லுநர்கள் அங்குக் கூடினர்.

கேமரன் மலையின் கம்போங் ராஜா வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். செடியை நட்டுவிட்டால் மட்டும் போதாது. களை எடுக்க வேண்டும், உரமிட வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேயிலைச் செடி கைக்கெட்டாத மரமாக வளர்ந்துவிடும். மென்பொருளுக்கும் இத்தகைய பராமரிப்பு தேவை. பிழைகளைத் திருத்துவதும், புதிய கணினிகளுக்கு ஏற்ப மாற்றியமைப்பதும், பயனர் கேட்கும் வசதிகளைச் சேர்ப்பதும் அதன் பகுதிகளாகும். பராமரிக்காத மென்பொருள், தன்னைச் சுற்றியுள்ள கணினிகள் மாறும்போது பயனற்றுப் போகும்.

1999 மே மாதம் கோவிந்தசாமி காலமானார். மறு ஆண்டு, அவர் தொடங்கிய பணியைத் தொடர ‘உத்தமம்’ எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைக்கப்பட்டது. உலக மொழிகளுக்குப் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தது. எனினும், கணினிகளில் அது பரவப் பல ஆண்டுகள் ஆயின. பழைய முறைகளில் எழுதப்பட்ட படைப்புகளை வல்லுநர்கள் ஒருங்குறிக்கு மாற்றினர். மாற்றாமல் விட்டிருந்தால், அவற்றை இன்றைய கணினிகளில் படிப்பது அரிதாகியிருக்கும். ஒருங்குறியும் வளர்ந்துகொண்டே வந்தது. தமிழ் எண்களுள் சுழியம் அதில் 2005இல்தான் சேர்ந்தது.

இன்று கம்போங் ராஜாவில் ஒரு மாணவர் கைப்பேசியில் தட்டும் தமிழ்ச் செய்தி, சிங்கப்பூரிலும் சென்னையிலும் எழுத்து மாறாமல் தெரிகிறது. இவ்வசதிக்குப் பின்னால், புதியதைப் படைத்த கோவிந்தசாமி போன்றோரின் துணிவும், படைத்ததைப் பேணிக் காத்தோரின் பொறுமையும் உள்ளன.