பெரிய நம்பிகள் செய்த சரம கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

நம் குமாரபாளையத்தைத் தழுவி ஓடும் காவேரியில் நீராடிப் பெருமாளை ஸேவிக்க வரும் அன்பர்களில் பலர், அக்கரையிலுள்ள பவானிக் கூடுதுறைக்கும் சென்று தம் முன்னோருக்கு எள்ளும் நீரும் இறைத்து வருகிறார்கள். காவேரியும் பவானியும் கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் கூடும் துறை அது. மறைந்தோரை மறவாதிருப்பது நம் நாட்டின் பேரறம்.

சில ஆண்டுகளுக்கு முன், மஹாளய அமாவாசையன்று, தறி நெய்து பிழைக்கும் முதியவர் ஒருவர் அடியேனிடம் வந்தார். முப்பது ஆண்டுகள் தமக்கு அடுத்த தறியில் அமர்ந்திருந்த நண்பர் மனைவி மக்கள் இன்றி மறைந்துவிட்டார் என்றும், அவர் வேறு குலத்தவர் என்றும், அவர்பொருட்டுத் தாம் நீர் விடலாகுமா என்றும் வினவினார். பாடசாலையில் பல்லாண்டு பயின்றும் அடியேனுக்கு அந்நேரம் விடை எழவில்லை. பெரியோரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறி அனுப்பிவிட்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அப்போது நெஞ்சில் எழுந்தருளியவர் பெரிய நம்பிகள். அம்மஹானின் சரிதத்தை இம்மலர் வாயிலாக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மஹாபூர்ணர் என்றும் பராங்குச தாஸர் என்றும் திருநாமங்கள் கொண்ட பெரிய நம்பிகள், மார்கழி மாதத்துக் கேட்டை நக்ஷத்திரத்தில் திருவரங்கத்தில் அவதரித்தார். அது 997 ஆம் ஆண்டு என்பது குருபரம்பரை மரபு. இவர் ஆளவந்தாரின் திருவடி பணிந்தவர். திருக்கோட்டியூர் நம்பி, பெரிய திருமலை நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாளரையர் முதலியோர் இவருடன் ஆளவந்தாரிடம் பயின்ற பெரியோர்கள்.

காஞ்சியிலிருந்த இளையாழ்வாரை அழைத்து வருமாறு ஆளவந்தார் பணித்தது இவரையே. இருவரும் திருவரங்கத்தை நெருங்கியபோது ஆளவந்தார் பரமபதம் அடைந்துவிட்டார். கண்டு உரையாட ஏங்கிய ஆசார்யரின் திருமேனியை மட்டுமே இளையாழ்வாரால் காண முடிந்தது. மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு, ஆசார்யரின் நிறைவேறாத மூன்று விருப்பங்களைத் தாம் நிறைவேற்றுவதாக அவர் சபதம் செய்தார் என்பதும், விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்பதும் நாம் அறிந்தவை. அக்காட்சிக்கு அருகிருந்த சாட்சி பெரிய நம்பிகள். பின்னர் மதுராந்தகத்தில் ஏரிகாத்த இராமபிரான் ஸந்நிதியில், மகிழமரத்தடியில், இளையாழ்வாருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்து வைத்தவரும் இவரே.

ஆளவந்தாரின் திருவடி அடைந்தவர்களுள் மாறனேரி நம்பி என்பவரும் ஒருவர். உலகம் தாழ்ந்தது என்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். ஆளவந்தார் ராஜபிளவை நோயால் வருந்தியபோது, அந்நோயை ஆசார்ய ப்ரஸாதமாகத் தமக்கு அருளவேண்டும் என்று இரந்து பெற்றுத் தாம் அனுபவித்தவர். அவருடைய அந்திமக் காலம் நெருங்கிற்று. எம்பெருமானுக்கு உரியதாகிவிட்ட இவ்வுடலை, அந்நிலை அறியாத உற்றாரிடம் விட்டுவிடலாகாது என்று பெரிய நம்பிகளிடம் வேண்டிக்கொண்டார். நம்பிகளும் இசைந்தார். மாறனேரி நம்பி திருநாடு அலங்கரித்ததும், வேத மந்திரங்களோடு கூடிய பிரம்மமேத ஸம்ஸ்காரத்தைத் தம் கைகளாலேயே செய்து முடித்தார்.

ஊரார் கொதித்தனர். உயர்குலத்துப் பெரியவர் ஒருவர் இத்தகைய செயலைச் செய்யலாமா என்று ஏசினர். எம்பெருமானாரிடம் சென்று முறையிட்டனர். எம்பெருமானாரும் தம் ஆசார்யரை வணங்கி, உலகோர் மனம் கலங்குகிறதே, வேறொருவரைக் கொண்டு செய்வித்திருக்கலாகாதா என்று கேட்டார். ஸந்தியாவந்தனத்துக்கு ஆள் நியமிப்பார் உண்டோ என்று நம்பிகள் திருப்பி வினவினார். ஜடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த சக்கரவர்த்தித் திருமகனைவிடத் தாம் உயர்ந்தவர் அல்லர் என்றும், அப்பறவையைவிட மாறனேரி நம்பி தாழ்ந்தவர் அல்லர் என்றும் எடுத்துரைத்தார். அடியார் பெருமையை நம்மாழ்வார் திருவாய்மொழியின் மூன்றாம் பத்திலும் எட்டாம் பத்திலும் அருளிச்செய்தது வெறும் ஓசைதானோ என்றும் கேட்டார். எம்பெருமானார் அகமகிழ்ந்து தண்டன் ஸமர்ப்பித்து, இவ்வுண்மையை உலகறியச் செய்யவே தாம் வினவியதாக விண்ணப்பித்தார்.

அன்பர்களே! தந்தைக்குத் தீ மூட்டும் பேறு கிட்டாத இராமபிரான், காட்டில் ஒரு பறவைக்கு மகனாக நின்றான். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி இன்றும் அதனை நினைவூட்டுகிறது. அன்பின் வழிப்பட்ட கடமைக்கு இரத்தபந்தம் எல்லையாகாது என்பதே இதன் உட்பொருள்.

பின்னாளில் சோழ மன்னனின் பகையால், எம்பெருமானாரின் வேடம் பூண்டு கூரத்தாழ்வான் அரசவைக்குச் சென்றபோது, முதுமையிலும் உடன் சென்றார் பெரிய நம்பிகள். அங்கே இருவரும் கண்களை இழந்தனர். எம்பெருமானாரோ நம் கொங்கு நாட்டின் வழியே திருநாராயணபுரம் சென்றார். அவ்வழியில் அவரை வரவேற்று உபசரித்த கொங்குப் பிராட்டியாரை நாம் என்றும் போற்றுகிறோம்.

துன்பம் தாளாத நம்பிகள், திரும்பும் வழியில், தஞ்சையிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையிலுள்ள பசுபதிகோயிலில் பரமபதித்தார். அப்போது அவருக்கு 105 வயது என்பர். திருவரங்கத்தை அடைந்து உடலை விடலாமே என்று உடனிருந்தோர் வேண்டியும் அவர் இசையவில்லை. நம்பிகளுக்கே திருவரங்கத்தில் மரித்தால்தான் மோக்ஷம் என்று பின்னுள்ளோர் எண்ணிவிடுவார்கள் என்று அஞ்சினாராம். பிறருடைய உடலுக்கு அத்தனை மரியாதை செய்தவர், தம் உடல் எங்கே விழவேண்டும் என்று கவலைப்படவில்லை. திருநாராயணபுரத்தில் இச்செய்தி கேட்ட எம்பெருமானார் ஆறாத் துயருற்றார். பசுபதிகோயிலில் நம்பிகளின் ஸந்நிதியை இன்றும் ஸேவிக்கலாம்.

நம் மஹாளய தர்ப்பணத்திலும் இவ்வறம் மறைந்து நிற்கிறது. தாய் தந்தை வழியினரோடு, ஆசார்யர், நண்பர் முதலியோரையும் காருண்ய பித்ருக்கள் என்று பெயர் சொல்லி நீர் வார்க்கிறோம். முடிவில், தமக்கென எவருமே இல்லாது மறைந்தோருக்கும் ஒரு கை நீர் உண்டு. பல்லாண்டுகள் அம்மந்திரத்தைச் சொல்லிவந்த அடியேன், அதன் பொருளை அந்நெசவாளரிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மறுநாளே அவர் இல்லம் தேடிச் சென்று, தாராளமாகச் செய்யலாம் என்று கூறினேன். அடுத்த அமாவாசையன்று அவர் காவேரியில் முழங்காலளவு நீரில் நின்று, நண்பரின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டார். அடியேன் உடன் நின்றேன்.

திருவிழா ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள், ஆற்றங்கரையில் ஒரு கணம் நின்று, தமக்கு நன்மை செய்து மறைந்தவர்களுள் நினைப்பார் அற்ற ஒருவரையேனும் நினைந்து ஒரு கை நீர் வார்ப்பார்களாக.

பெரிய நம்பிகள் திருவடிகளே சரணம்.