மரியா கோப்பெர்ட் மேயர் அம்மையார்

இலேசர் ஒளியைக் கொண்டு இன்று பௌதிகவியலார் நிகழ்த்தும் அரிய ஆராய்ச்சிகள் சிலவற்றுக்கு, அவ்வொளி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே கணக்கினால் வழிவகுத்தவர் ஒரு பெண்மணியாவார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1906ஆம் ஆண்டு யூன் 28ஆந் திகதி, அந்நாளில் யேர்மனிக்கு உட்பட்டதும் இன்று போலந்தைச் சேர்ந்ததுமாகிய கற்றோவிற்சே நகரில் மரியா பிறந்தார். தந்தை வழியில் ஆறு தலைமுறையாகப் பேராசிரியர்களை ஈன்ற குடும்பம் அது. குழந்தை மருத்துவராகிய தந்தையார் 1910இற் கொற்றிங்கன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். 1924இல் ஆங்குக் கணிதம் பயிலப் புகுந்த மரியா, மாக்சு போண் என்னும் பேராசானால் ஈர்க்கப்பட்டுப் பௌதிகத்தின்பாற் திரும்பினார்.

அணு ஒன்று ஒரே கணத்தில் இரு போட்டன்களை உறிஞ்சவல்லது என்பதே 1930இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கு நிறுவிய முடிபு. வரம்பில் அகப்பட்ட வண்டிச் சில்லை ஒருவனால் அசைக்க இயலாதபோது, இருவர் ஒருங்கே தோள்கொடுக்க அது ஏறிவிடுவதன்றோ? அதனை யொத்தது இது. இரண்டும் ஒருங்கே வந்து சேரவேண்டுதலின், இவ்விளைவு ஒளிச்செறிவின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். சாதாரண விளக்கொளி இதற்குப் போதாது. 1960இல் இலேசர் தோன்றிய பின்னர், 1961இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையிற் கைசர், கரெற் இருவரும் யூரோப்பியம் கலந்த கல்சியம் புளோரைட்டுப் பளிங்கின்மீது செவ்வொளியைச் செலுத்தி நீலவொளி பெற்று, அம்முடிபை மெய்ப்பித்தனர்.

1930இல் யோசேப்பு மேயரை மணந்து அமெரிக்கா சென்ற அம்மையார்க்குப் பேராசிரியப் பதவி எளிதிற் கிட்டவில்லை. கணவன் பணிபுரியுமிடத்தில் மனைவிக்குப் பதவியளிக்கலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. பால்ரிமோரிலும் நியூயோக்கிலும் சிக்காகோவிலும் ஊதியமின்றியோ அற்ப ஊதியத்துடனோ உழைத்தார். ஆயினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் தொகையில் நியூத்திரன்களேனும் புரோத்தன்களேனும் அமைந்த கருக்கள் உறுதிமிக்கன ஆதலின் காரணத்தை 1949இற் கண்டு விளக்கியமை இக்காலத்ததே. 1960இற் கலிபோணியாவிலேதான் முழு ஊதியம் பெறும் பேராசிரியரானார். 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பௌதிகத்தில் அப்பரிசைப் பெற்ற பெண்மணிகளுள், 1903இற் பெற்ற மேரி கியூரி அம்மையார்க்கு அடுத்தவர் இவரே. 1972ஆம் ஆண்டு பெப்புருவரி 20ஆந் திகதி காலமானார்.

அவர் கணித்த விளைவு இன்று மூன்றணுத் தடிப்பேயுள்ள படலங்களிலும் ஆராயப்படுகின்றது. சாதாரண உறிஞ்சலுக்குப் புலப்படாத நிலைகளை, தங்குதன் இருசல்பைட்டின் ஒற்றைப் படலத்தில் 2014இல் ஆய்வாளர் இரு போட்டன் முறையாற் கண்டனர். இதனோடு உறவுடையது ஒளியதிர்வு இரட்டித்தல். மொலிப்டினம் இருசல்பைட்டின் படலம் ஒன்று ஒளியதிர்வை இரட்டிப்பாக்கும். இரு படலங்களை ஒரே திசைநோக்கி அடுக்கின் அவ்வொளி வலுக்கும். எதிரெதிர் நோக்கி அடுக்கினோ ஒன்றையொன்று அழிக்கும். அடுக்கின் ஒழுங்கை ஒளியே காட்டிக்கொடுத்தல் வியப்பன்றோ?

இரு போட்டன் உறிஞ்சலை அளக்கும் அலகு இன்று அம்மையார் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஊதியமும் பதவியும் வாராத காலத்தும் உண்மையை நாடி உழைத்த அவ்வாழ்வை நம் மாணவர் மனத்திற் கொள்வாராக.