பதினான்கு முறை சிறை சென்ற தம்பி நாயுடு

பூர்வீகம் சென்னை ராஜதானி. பிறந்தது மொரீஷியஸ் தீவு. பிழைக்க வந்தது தென்னாப்பிரிக்கா. கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு என்ற முழுப் பெயர் கொண்ட அந்த மனிதர் இந்தியாவைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார் என்று காந்தியடிகள் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பதினான்கு முறை சிறைக்குச் சென்றார்.

காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டம் என்றதும் தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நம்மவர் நினைவுக்கு வந்துவிடும். அதே போராட்டத்தில் காந்தியின் வலக்கரமாக நின்ற தம்பி நாயுடுவைப் பற்றி விவரமாகத் தெரிந்தவர்கள் குறைவு.

அவர் பிறந்தது 1875-ம் ஆண்டு. அடிமை முறை ஒழிந்த பின்பு மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து ஆயிரமாயிரமாக ஆட்கள் போன காலம் அது. சென்னை ராஜதானியிலிருந்து அங்கே போய்க் குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார் தம்பி நாயுடு. இளமையிலேயே கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, கடைசியில் ஜோகன்னஸ்பர்க் நகரில் நிலைத்தார். 1886-ல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு திடீரென்று முளைத்த ஊர் அது. தங்கத்தை நாடி உலகின் நாலா திசையிலிருந்தும் வெள்ளையர்கள் வந்து குவிந்தார்கள். அவர்களும் வெளியூர்க்காரர்கள்தாம். ஆனால் நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்டவர்கள் இந்தியரும் சீனரும். மண்ணின் மைந்தர்களான ஆப்பிரிக்கர்களின் நிலையோ அதைவிடக் கேவலம்.

டிரான்ஸ்வால் என்று பெயர் கொண்ட அந்தப் பகுதியில் 1885-ம் ஆண்டு மூன்றாவது சட்டம் என்று ஒன்று இருந்தது. இந்தியர்கள் ஒதுக்கப்பட்ட இடத்துக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது, வியாபாரம் செய்ய வருகிறவர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஓட்டுரிமை கிடையாது. நடைபாதையில் நடக்கவும் தடை உண்டு. ரயிலில் முதல் வகுப்பு டிக்கட்டுக்குக் காசு கொடுத்தாலும் உட்கார இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தின்போது இந்தியர்களில் பலர் நேட்டாலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து திரும்பப் போனால், பர்மிட் எங்கே என்று கேட்டார்கள். நேட்டாலிலிருந்து போகும் ரயில் எல்லையில் வோல்க்ஸ்ரஸ்ட் ஸ்டேஷனில் நிற்கும். அங்கே காகிதத்தைக் காட்டாதவர் மேலே பயணம் செய்ய முடியாது. பத்து வருஷம் கடை வைத்திருந்தவனும் அந்தக் காகிதத்துக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். இதற்கென்று ஆசியர் இலாகா ஒன்றையும் திறந்தார்கள். உரிமை உள்ளவனுக்குப் பர்மிட் மறுப்பதும், உரிமை இல்லாதவனிடம் நூறு பவுன் வரை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவதும் அந்த இலாகாவில் நடந்ததாகக் காந்தியே பதிவு செய்திருக்கிறார். ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊரில் சாதாரண வியாபாரியாகப் பிழைப்பு நடத்தினார் தம்பி நாயுடு. பள்ளிப்படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் தமிழ் நன்றாக வரும். ஆங்கிலத்தைப் பேசவும் எழுதவும் செய்வார்; இலக்கணம் சில இடங்களில் இடறும், சொல்ல வந்த விஷயம் இடறாது. இந்துஸ்தானி பேசுவார், தெலுங்கும் ஓரளவு தெரியும். மொரீஷியஸில் பிறந்ததால் அங்கே வழங்கும் பிரெஞ்சுக் கலப்பு மொழியும், ஆப்பிரிக்கர்களோடு பழகிப் பழகி அவர்கள் பேச்சும் வந்தன. எல்லாம் வாழ்ந்து கற்றவை. கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னால் கம்பீரமாகத் தாங்குவார். சுமை தூக்க ஆளில்லை என்றால் அதே மனிதர் பட்டப்பகலில் நடுத் தெருவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார். சமையலும் தெரியும். ஜோகன்னஸ்பர்க் தமிழர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் இவர்.

குறையும் ஒன்று இருந்தது. முன்கோபம். அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையே அவரிடம் வந்திருக்கும் என்பது காந்தியின் கணிப்பு. தவறில்லாத கணிப்புதான். ஆனால் அடக்கமாகக் குனிந்து போகிறவராக இருந்திருந்தால் அவர் பதினான்கு முறை சிறைக்குப் போயிருப்பாரா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

1907-ல் வந்தது கறுப்புச் சட்டம் என்று இந்தியர்கள் பெயரிட்ட அந்தச் சட்டம். டிரான்ஸ்வாலில் உள்ள ஒவ்வொரு ஆசியரும் அதிகாரி முன்னால் போய்ப் பெயரைப் பதிந்து பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் பதிவு உண்டு. சர்ட்டிபிகேட்டைப் போலீஸ்காரன் தெருவில் நிறுத்திக் கேட்டாலும் காட்ட வேண்டும். மறுத்தால் அபராதம், சிறை, அல்லது நாடு கடத்தல். கையெழுத்துப் போடத் தெரியாதவனிடம் கைநாட்டு வாங்குவது நம் நாட்டு வழக்கம்; அதில் அவமானம் ஒன்றுமில்லை. பத்து விரலையும் மை தடவி உருட்டி எடுப்பது குற்றவாளிக்குச் செய்வது. சட்டம் இந்தியர்களை எந்த வரிசையில் நிறுத்தியது என்பது இதிலேயே விளங்கும்.

ஜூலை முதல் தேதி பதிவு ஆபீஸ் திறந்தது. அதன் வாசலில் தொண்டர்கள் மறியலுக்கு நின்றார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் அந்தத் தொண்டர் படைக்குத் தலைவர் தம்பி நாயுடு. பதிவுக்கு வருகிறவனைத் திட்டக் கூடாது, தொடக் கூடாது, பயமுறுத்தக் கூடாது. சட்டத்தின் கொடுமையை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் உள்ளே போகிறேன் என்றால் வழி விட வேண்டும். முன்கோபக்காரர் ஒருவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்! அவர் அதைக் கடைசி வரை செய்து முடித்தார். பகலில் வர வெட்கப்பட்ட சில பெரிய வியாபாரிகளுக்காக அதிகாரிகள் பிரிட்டோரியாவில் இரவு வேளையில் ஒரு கடைக்கே போய் ரகசியமாகப் பதிவு செய்த கூத்தும் நடந்தது. அத்தனையும் செய்து சர்க்காருக்குக் கிடைத்தது சுமார் 500 பேர்தான். மொத்த இந்தியர்கள் ஏறக்குறைய 13,000.

1908 ஜனவரியில் காந்தியும் தம்பி நாயுடுவும் மற்றவர்களும் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதே மாதம் 28-ந் தேதி சிறைக்குள்ளிருந்து ஜெனரல் ஸ்மட்ஸுக்கு ஒரு சமரசக் கடிதம் போயிற்று. அதில் மூன்றே கையெழுத்துகள்: காந்தி, சீனர் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. சட்டத்தின் கட்டாயமின்றி நாங்களாகவே பதிந்துகொள்கிறோம் என்பது அதன் சாரம்.

இந்தச் சமரசத்தை எல்லாரும் ஏற்கவில்லை. காந்தி விலை போய்விட்டார் என்று சிலர் நம்பினார்கள். பிப்ரவரி 10-ந் தேதி காந்தி பதிவு ஆபீசுக்கு நடந்து போனபோது மீர் ஆலம் என்ற பட்டாணியரும் அவருடைய கூட்டாளிகளும் தடியால் தாக்கினார்கள். காந்தி நினைவிழந்து விழுந்தார். குறுக்கே பாய்ந்த தம்பி நாயுடுவுக்கும் ஈசப் மியானுக்கும் அடி விழுந்தது. நேற்று வரை பதிவு ஆபீஸ் வாசலில் நின்று போகாதே என்று சொன்னவர், இன்று அதே ஆபீசுக்குப் போகும் வழியில் தலைவருக்காக அடி வாங்கினார்.

ஆனால் சட்டத்தை ரத்து செய்வதாக இந்தியர்கள் நம்பியிருந்த வாக்கை ஸ்மட்ஸ் காப்பாற்றவில்லை. போராட்டம் மறுபடி மூண்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு லைசென்ஸ் இல்லாமல் தெருவில் காய்கறி பழம் விற்பது, கேட்டால் சர்ட்டிபிகேட்டைக் காட்ட மறுப்பது, பிடித்தால் அபராதம் கட்டாமல் சிறைக்குப் போவது, இதுதான் புதிய முறை. கடை முதலாளிகளும் மௌல்விகளும்கூடக் கூடை தூக்கினார்கள். தம்பி நாயுடு அப்படிக் கைதானபோது அவர் மனைவி வீரம்மாள் நிறைமாதக் கர்ப்பிணி. கணவர் சிறைக்குப் போனார். குழந்தை இறந்தே பிறந்தது. 1908 ஜூலையில் அந்தக் குழந்தையைப் புதைத்தார்கள். காந்தியை அந்த மரணம் வெகுவாக உலுக்கியது. சிறையில் அடைபட்டிருந்த தகப்பனின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை எழுதி வைத்தவர் யாருமில்லை. வெளியே வந்ததும் அவர் மறுபடியும் சிறைக்குத்தான் போனார்.

ஆகஸ்டு 16-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி மைதானத்தில் 2,000-க்கும் மேற்பட்ட சர்ட்டிபிகேட்டுகளைப் பெரிய இரும்புக் கொப்பரையில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். எந்தக் காகிதம் இல்லாவிட்டால் அந்த நாட்டில் கால் வைக்க முடியாதோ, அதையே நெருப்பில் போட்டார்கள். அதன் பின் பலரைச் சர்க்கார் கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அவர்களில் தமிழர்கள் அதிகம்.

சிறை சென்றவர்களின் குடும்பங்களுக்காக 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர் கொடுத்த 1,100 ஏக்கர் நிலம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல்; பக்கத்து ஸ்டேஷன் லாலி. தம்பி நாயுடுவின் குடும்பம் அங்கே தங்கிற்று.

1913-ம் ஆண்டு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று கேப் நகர நீதிபதி ஸர்ல் மார்ச் மாதம் தீர்ப்பளித்தார். தாலி கட்டி, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்தவளும் சட்டத்தின் முன் மனைவி இல்லை என்றாகிவிட்டது. இன்னொரு பக்கம் நேட்டாலில் மூன்று பவுன் வரி. ஒப்பந்தம் முடிந்த கூலி மறு ஒப்பந்தத்துக்கும் இசையாமல், ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே தங்கினால் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். ஒப்பந்தக் கூலியின் ஆரம்பச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம். மனைவிக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் தனித்தனியே வேறு.

இதுவரை ஆண்கள் சிறைக்குப் போனார்கள். இப்போது பெண்கள் கிளம்பினார்கள். டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த பதினொரு பெண்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கையில் பால் குடிக்கும் குழந்தைகள். வீரம்மாள் அவர்களில் ஒருவர். பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டினார்கள், லைசென்ஸ் இல்லாமல் கூவி விற்றார்கள். போலீஸ் பிடிக்க மறுத்தது! பிறகு நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசில் என்ற நிலக்கரி ஊருக்குப் போனார்கள். உடன் சென்றவர் தம்பி நாயுடு. அங்கே சென்னைப் பக்கத்துக் கிறிஸ்தவரான லாசரஸ் என்பவர் தம் சிறிய வீட்டைப் போராட்டக்காரர்களுக்குத் திறந்து விட்டார். அது சர்க்காரின் கோபத்தை வலிய வரவழைப்பது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். சொந்த மொழியில், கைக்குழந்தையோடு வந்து நின்று மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசிய பெண்களின் பேச்சுக்கு இருந்த வலு எந்தப் பாரிஸ்டரின் பேச்சுக்கும் இருந்திருக்க முடியாது. அக்டோபர் மத்தியில் நிலக்கரித் தொழிலாளர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். ஒரு சுரங்கத்திலிருந்து மற்றொன்றுக்கு வேலைநிறுத்தம் பரவியது. அக்டோபர் 21-ந் தேதி அந்தப் பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்து மாரிட்ஸ்பர்க் சிறைக்கு அனுப்பினார்கள். நவம்பர் 6-ந் தேதி காந்தியின் தலைமையில் 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தார்கள். பின்னால் கரும்புத் தோட்டங்களும் நின்றன.

1914-ல் சட்டம் வந்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்தியர் திருமணங்கள் செல்லுபடியாயின. ஜூலையில் காந்தி தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். ஜோகன்னஸ்பர்க் பிரிவுபசாரத்தில் பணமுடிப்பும் பரிசும் கொடுத்தவர்கள் பலர். தம்பி நாயுடுவும் வீரம்மாளும் தங்கள் நான்கு புதல்வர்களைக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு அழைத்துச் சென்று நாட்டுத் தொண்டுக்கு வளர்க்கும்படி ஒப்படைத்தார்கள். பெற்றவர் பார்த்திராத இந்தியாவுக்குப் பிள்ளைகள் போனார்கள். சாந்திநிகேதனில் தாகூரின் நிழலிலும் காந்தியின் ஆசிரமத்திலும் வளர்ந்தார்கள். ஒரு குழந்தையைச் சிறைவாசத்தின்போது இழந்த தம்பதி, இருந்த பிள்ளைகளையும் கடல் கடந்து அனுப்ப எப்படித் துணிந்தார்கள் என்பது சுலபத்தில் பிடிபடும் விஷயமல்ல.

காந்தி போன பிறகும் தம்பி நாயுடு ஜோகன்னஸ்பர்க்கிலேயே இருந்தார். 1933-ல் காலமானார்.

நால்வரில் ஒருவரான நாரணசாமி தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய் அங்குள்ள இந்தியர் காங்கிரசிலும் தொழிற்சங்கத்திலும் உழைத்தார். அவர் பிள்ளைகளும் சிறையைப் பார்த்தவர்களே. மகள் சாந்தி 1969-ல் கைதாகி, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துத் தனிச்சிறையில் கிடந்தார். மகன் இந்திரஸ், நெல்சன் மண்டேலா அடைபட்டிருந்த அதே ராபன் தீவில் பத்து ஆண்டுகள் கழித்து 1973-ல் வெளியே வந்தார்.