சேலத்தில் எடுத்த பர்மாவும் இரண்டு ராணிகளும்

மே 8 லீவு நாள். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மகன் டிவிக்கு முன்னால் இருக்கிறான். எரோல் ஃபிளின் நடித்து 1945இல் வந்த 'ஒப்ஜெக்டிவ், பர்மா!' போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க வீரர்கள் பரசூட்டில் பர்மாக் காட்டுக்குள் குதித்து யப்பான்காரரோடு மோதுகிற கதை. பாதியில் திரும்பி, பர்மா சண்டையில எங்கட ஆக்கள் இருக்கேல்லையோ எண்டு கேட்டான்.

நல்ல கேள்வி. பர்மாவில் கூடுதலாகச் சண்டை பிடித்தது பிரிட்டிஷ் இந்தியப் படை. அதை அந்தப் படம் அப்படியே மறைத்துவிட்டது. பிரிட்டனில் எழுந்த எதிர்ப்பில் படத்தைத் திரையரங்கிலிருந்து எடுத்தார்கள். 1952 வரை அங்கே திரும்பக் காட்டவில்லை.

அவனுக்கு நான் சொன்னது இன்னொரு பர்மாப் படத்தின் கதை. அதே 1945இல் சேலத்தில் உருவான 'பர்மா ராணி'. எடுத்தவர் டி.ஆர். சுந்தரம்.

1907இல் திருச்செங்கோட்டில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்து, அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கலியாணம் கட்டி ஊருக்குத் திரும்பினார். துணி ஆலை வைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவரோ ஏற்காடு மலையடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவைக் கட்டினார். முதல் படம் 1937இல். அடுத்த வருடமே மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்'. நேரத்துக்கு வரவேணும், நேரத்துக்கு முடிக்கவேணும். ஆலை நடத்துகிற மாதிரித்தான் அவர் சினிமாவும் நடத்தினார்.

பிறகு யுத்தம் வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான் குண்டு போட்டதை எங்கட பேத்திமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சென்னையே பாதி வெறிச்சோடியது. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம்.

பிலிம் சுருளும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று 1943இல் கட்டுப்பாடு வந்தது. யுத்தத்துக்கு ஆதரவாகப் படம் எடுப்பவர்களுக்குச் சலுகை. தன் 'தியாகபூமி'யை வெள்ளைக்காரன் தடைசெய்ததைப் பார்த்த கே. சுப்ரமணியமே 1945இல் 'மானசம்ரட்சணம்' என்ற யுத்தப் பிரசாரப் படம் எடுத்தார். சுந்தரம் எடுத்தது 'பர்மா ராணி'. யப்பான் பிடித்த பர்மாவில் விமானம் விழுந்து மாட்டிக்கொண்ட இந்திய விமானிகளுக்கு ராணி என்ற பெண் உதவுகிறாள். ராணியாக கே.எல்.வி. வசந்தா. யப்பான் அதிகாரியாக சுந்தரமே வேஷம் கட்டினார்.

ஆனால் அந்த வருடங்களில் நிஜமான ராணிகளும் இருந்தார்கள். 1943இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணி படையைத் தொடங்கினார். தலைமை, சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பகுதியினர் பர்மா வரைக்கும் போனார்கள், யப்பான்காரரோடு சேர்ந்து, வெள்ளைக்காரனுக்கு எதிராக. சேலத்துத் திரையில் ஒரு ராணி வெள்ளைக்காரன் பக்கம் நின்றபோது, இவர்கள் மற்றப் பக்கம் நின்றார்கள். இவர்களைக் காட்ட எவன் பிலிம் குடுப்பான்?

இதற்காக சுந்தரத்தைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிலிம் இல்லாவிட்டால் ஸ்டூடியோவுக்குப் பூட்டு. அதை நம்பி எத்தனையோ அடுப்பு எரிந்தது. அதே ஸ்டூடியோவில்தான் 1950இல் கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆரின் 'மந்திரி குமாரி' வந்தது. 1952இல் ஹொலிவுட்காரரோடு கூட்டுச் சேர்ந்து 'த ஜங்கிள்', 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1963இல் அவர் காலமானார். சேலத்தில் ஸ்டூடியோவின் முகப்பு வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது.

எங்கட சண்டையிலயும் ரெண்டு பக்கமும் படம் எடுத்தது. அந்தக் கசெட்டுகளை லாச்சப்பலில் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்து அழுதவன் நான். அதில் வந்த வீரம் பொய்யில்லை. ஆனால் காட்டாமல் விட்டதும் நிறைய. மகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். யுத்தப்படம் பார், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனால் அதுக்கு பிலிம் குடுத்தது யார், எந்த ராணியைக் காட்டேல்லை எண்டும் கேள். நாளைக்கு எங்கட கதையை இந்த நாட்டில எடுக்கப்போறது உன்ர வயசுக்காரர்தான்.