வெள்ளி ரூபிள் அச்சடித்த கோட்டையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட இளவரசர்... யார் இந்த ஜார்ஜி மிகைலோவிச்?

ஜார் காலத்து வெள்ளி ரூபிள் கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் அதன் விளிம்பைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸ் காலத்து ரூபிளின் எடை சுமார் 20 கிராம். அதில் சுத்த வெள்ளி 18 கிராம். அந்த வெள்ளிக் கணக்கும், நாணயச்சாலை அதிகாரியின் பெயர் எழுத்துகளும் இருப்பது விளிம்பில்தான்.

ரூபிளை இப்படி நுணுக்கமாக ஆராய வழிகாட்டியவர், ஜார் குடும்பத்திலேயே பிறந்த கிராண்ட் டியூக் ஜார்ஜி மிகைலோவிச். 1863-ல் டிஃப்லிஸ் அருகே பிறந்தவர். ஜார் முதலாம் நிக்கோலஸின் பேரன். அரண்மனைப் பிள்ளைக்குக் காசுக்கு என்ன குறைச்சல்னு கேட்கலாம். இவர் சேர்த்த காசு செலவுக்கு இல்லை. 1888-ல் தொடங்கி 1914 வரை, ரஷ்ய நாணயங்களின் படங்களோடு அவற்றை அச்சடிக்கப் போட்ட அரசு உத்தரவுகளையும் திரட்டி, தொகுதி தொகுதியாக வெளியிட்டார். பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ரஷ்ய அருங்காட்சியகத்தையும் நிர்வகித்தார்.

தாத்தா மறைத்த நாணயம்

அவரிடம் இருந்ததிலேயே விசேஷமானது 1825-ம் ஆண்டு கான்ஸ்டன்டின் ரூபிள். ஜார் முதலாம் அலெக்சாண்டர் இறந்ததும் தம்பி கான்ஸ்டன்டின்தான் அடுத்த மன்னர் என நினைத்து, அவர் முகத்தோடு மாதிரி நாணயம் அடித்துவிட்டார்கள். அவரோ அரியணையே வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பட்டத்துக்கு வந்தது நிக்கோலஸ். நாணயங்கள் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தன. விரல்விட்டு எண்ணக்கூடிய அந்த ரூபிள்களில் ஒன்று, கடைசியில் அதே நிக்கோலஸின் பேரனிடமே வந்து சேர்ந்தது.

பிரிந்த குடும்பம்

1914-ல் உலகப் போர் வெடித்தபோது மனைவி மரியாவும் இரண்டு மகள்களும் இங்கிலாந்தில் இருந்தார்கள். அதன்பிறகு அவர்களை அவர் பார்க்கவே இல்லை. புரட்சிக்குப் பின் பின்லாந்து வழியாக அவர்களிடம் போய்ச்சேர முயன்றார். பிடிபட்டார். 1919 ஜனவரியில், அண்ணன் நிக்கோலாய் உட்பட மேலும் மூன்று கிராண்ட் டியூக்குகளோடு பீட்டர் - பால் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிய ரூபிள்களை அச்சடித்த நாணயச்சாலை இருப்பதும் அதே கோட்டைக்குள்தான். உடல் பொதுக் குழியில் போடப்பட்டது.

நாணயங்கள் தப்பித்துவிட்டன. புரட்சிக் குழப்பத்தில் நாட்டை விட்டு வெளியேறி, பெரும் பகுதி மனைவி கைக்குப் போனது. பிறகு விலைக்குப் போய், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வந்தது. கான்ஸ்டன்டின் ரூபிளும் இப்போது அங்கேதான் இருக்கிறது.