விடியற்காலை ரேடியோவில் வரும் அந்த வயலின்: யார் போட்ட ட்யூன்?

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்படின்னா இந்த இசை காதில் விழாமல் இருந்திருக்காது. சென்னை நிலையமோ புதுச்சேரி நிலையமோ, காலை ஒலிபரப்பு தொடங்கும் முன் தம்புரா சுருதியில் ஒரு வயலின் மெல்ல ஏறி இறங்கும். பழைய டிரான்சிஸ்டரில் கேட்டால் கரகரப்பும் சேர்ந்து வரும். எலக்ட்ரானிக் இசையோ என்றுகூட சிலருக்குத் தோன்றியதுண்டு. இல்லை, அது நிஜ வயலின்தான். ராகம் சிவரஞ்சனி என்பார்கள்.

போட்டவர் பெயர் வால்டர் காஃப்மன். நம்ம ஊர்க்காரர் இல்லை, ஹிட்லருக்குத் தப்பி வந்த யூதர்.

1907-ல் போஹிமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்தார். இன்றைக்கு அது செக் நாட்டில் இருக்கிறது. பெர்லினில் இசை படித்தார். பிராக் நகரில் டாக்டர் பட்ட ஆய்வை முடித்த நேரத்தில்தான் தன் பேராசிரியர் நாஜி ஆதரவாளர் என்பது தெரியவந்தது. பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவ்வளவு உழைத்துவிட்டு இப்படி உதறுவது லேசான காரியமா?

1934-ல் பம்பாய் வந்து இறங்கினார். இந்தியாவுக்கு விசா சுலபமாகக் கிடைத்ததுதான் காரணம். கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 12 வருஷம் தங்கிவிட்டார்.

முதலில் நம் சங்கீதம் அவருக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. இசைத்தட்டு வாங்கிக் கேட்டும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் இத்தனை பேர் உருகிக் கேட்கும் இசையில் குறை இருக்க முடியாது, குறை தன் காதில்தான் என்று முடிவு செய்து, இந்த மண்ணிலேயே உட்கார்ந்து கற்றார். இன்றைக்குக்கூட நம்மில் பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது.

வந்த சில மாதங்களிலேயே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டியைத் தொடங்கினார். வியாழக்கிழமைதோறும் கச்சேரி. காஃப்மன் பியானோ, மெஹ்லி மேத்தா வயலின். உலகப் புகழ் ஸுபின் மேத்தாவின் அப்பாதான் இந்த மெஹ்லி.

1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது. அந்தக் காலகட்டத்தில்தான் அடையாள இசையும் பிறந்தது. அதில் வயலின் வாசித்தது மெஹ்லி என்கிறார்கள். இசையமைத்தவராக வேறு சில பெயர்களும் அடிபடுவதுண்டு. ஆனாலும் அதிகம் ஏற்கப்படுவது காஃப்மன் பெயர்தான். அடுத்த வருடங்களில் பம்பாய் நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவை அவரே கவனித்துக்கொண்டார்.

1946-ல் கிளம்பினார். இங்கிலாந்து, பிறகு கனடா. வின்னிபெக் சிம்பனியைப் பத்து வருஷம் போல நடத்திவிட்டு, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். வட இந்திய ராகங்கள் பற்றி 1968-லும், நம் கர்நாடக ராகங்கள் பற்றி 1976-லும் தடிமனான புத்தகங்கள் எழுதினார். சங்கீதம் புரியவில்லை என்று தொடங்கியவர்!

1984-ல் இந்தியானாவின் ப்ளூமிங்டன் நகரில் காலமானார். அவர் போட்ட ட்யூன் ஆகாசவாணியில் இன்னும் ஒலிக்கிறது. போடும்போது பெயர் சொல்லும் வழக்கம்தான் இல்லை.